எதிர்வீட்டுத் தறியில் ஒரு முடிச்சு

1. எங்கள் தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவர், கடையை மூடிவிட்டுக் கடவுளானார்.
2. புழுவை வேகவைத்து எடுத்த நூலில் நெய்பவர்களுக்கு மோட்சம் இல்லை என்றார். அதை, வீட்டுக்கு வீடு பட்டுத்தறி ஓடும் பிள்ளையார்பாளையத்தில் சொன்னார்.
3. பட்டு நெய்துகொண்டிருந்த என் அண்ணன் அவருக்குச் சீடனானான். சேர்ந்த ஒரே நெசவாளி அவன்தான்.
4. அவருடைய சபை ஆட்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு வீடு வீடாகப் புகுந்து தறிகளில் நீளவாட்டில் கட்டியிருந்த பாவு நூலை அறுத்தார்கள். தடுத்த எதிர்வீட்டு மாமாவின் கையை உடைத்தார்கள்.

மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். சபையின் சீருடை வெள்ளை பாலியெஸ்டர். காஞ்சிபுரத்து வெயிலுக்கு அதுவே கடுந்தவம்.

"தறியை விட்டுட்டு அங்க போய் உக்காந்துக்கினு இருந்தா சோறு யாருடா போடுவா?" என்பாள் அம்மா.

"சாமி போடுவாரும்மா."

"அவருக்கே ஓட்டல்லேருந்து பார்சல் வருது. நான் பாத்தேன்."

கை உடைந்த மறுநாள் மாமா வீட்டுக்குப் போனேன். நான் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். பழுது எங்கே என்றுதான் கண் முதலில் போகும். தெருவில் மற்ற தறிகளில் பாவைக் கண்டபடி குதறியிருந்தார்கள். மாமாவின் தறியில் மட்டும் நேராக அறுத்து, இழைகள் சீப்பு போன்ற அச்சிலிருந்து உருவிப்போகாமல் கொத்துக் கொத்தாக முடிச்சுப் போட்டிருந்தது. நெசவாளி பாவை அறுத்தால் அப்படித்தான் செய்வான். அந்த நுனிகள் இருந்தால்தான் புதுப் பாவைப் பிணைக்க முடியும்.

"கலாட்டா பண்ண வந்தவன் முடிச்சு போட்டுட்டுப் போயிருக்கான் பாரும்மா," என்றார் மாமா, கட்டுப்போட்ட கையோடு. "உங்க அண்ணனுக்குத் தொழில் சுத்தம் ஜாஸ்தி."

நான் முடிச்சுகளைத் தொட்டுப் பார்த்தேன்.

"போலீசுக்கு நான் இன்னும் சொல்லல. அவனா போறானா, நான் சொல்லட்டுமான்னு கேளு."

சபையிலேயே தங்கிவிட்ட அண்ணனுக்குப் போன் செய்தேன். "முடிச்சு போட்டது நீதானே?"

"கை தானா போட்டுடுச்சு."

"மாமா கையை உடைச்சது?"

"அது நான் இல்லம்மா. ஆனா பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன்."

"அதைப் போய் ஸ்டேஷன்ல சொல்லு."

போனான். பாலியெஸ்டரோடுதான் போனான், மாற்றிக்கொள்ளச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

இப்போது கடவுள் சிறையில் இருக்கிறார். அண்ணன் ஜாமீனில் வந்து தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறான். மாமாவின் தறியில் வேறொருவர் கூலிக்கு நெய்கிறார். மாமாவின் கை இன்னும் முழுதாக மடங்கவில்லை. வழக்கில் முதல் சாட்சி அவர்தான். அண்ணனை வாசற்படி ஏற அவர் விடுவதில்லை.