மன்னாரில் எட்டு வாரம்

ரெக்ஸலின் பி.எட். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, கற்பித்தல் பயிற்சிக்காக இலங்கைக்குப் போனாள். அவள் கல்லூரியை நடத்திய கன்னியாஸ்திரீ சகோதரிகளுக்கு மன்னார்ப் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்திலும் பள்ளிக்கூடம் இருந்தது. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் அவள் ஊரான தங்கச்சிமடத்திலிருந்து நேரே பார்த்தால் எதிர்க்கரைதான். ஆனாலும் சென்னைக்கு ரயில், கொழும்புக்கு விமானம், அங்கிருந்து ஒரு நாள் முழுக்க பஸ் என்று சுற்றிப் போய்ச் சேர வேண்டியிருந்தது.

முதல் நாளே ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார். “அப்பா என்ன வேலை செய்யிறவர்?”

“கடை வச்சிருக்காங்க” என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. வரும் வழியில் பஸ்ஸில் இரண்டு பேர், எல்லை தாண்டி வந்து வலையை அறுத்துப்போவதாக இந்திய விசைப்படகுகளைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். அதுதான் காரணமாக இருக்கும். அவள் அப்பா அப்படியொரு படகில்தான் இருபத்திரண்டு வருடமாக டிரைவர்.

பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்தாள். பிள்ளைகள் அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள், ஆனால் பிரியமாக இருந்தார்கள். நிரோஜினி என்ற பெண்தான் நன்றாக எழுதுவாள். ‘எங்கள் கடல்’ என்று கட்டுரை கொடுத்தபோது, மற்றவர்கள் அலையையும் நிலவையும் எழுதினார்கள். நிரோஜினி ஒரே பக்கம் எழுதியிருந்தாள்: விடியற்காலை வலை எடுக்கப் போன அப்பா வெறும் மிதவைகளோடு திரும்பி வந்ததையும், வாசலில் உட்கார்ந்து யாரோடும் பேசாமல் இருந்ததையும். ரெக்ஸலின் அதில் ஒரு பிழையும் திருத்தவில்லை. மதிப்பெண்ணும் போடவில்லை.

ஐந்தாம் வாரம் நிரோஜினி வரவில்லை. நான்கு நாள் பார்த்துவிட்டு ரெக்ஸலின் அவள் வீட்டுக்கே போனாள். முற்றத்தில் கிழிந்த வலை குவிந்து கிடந்தது. நிரோஜினியின் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

“இந்த வருஷம் மூண்டாம் தரம் வலையை அறுத்துப்போட்டாங்கள் டீச்சர். அவர் கொழும்புக்கு மேசன் வேலைக்குப் போயிட்டார். இவளை என்னோட நண்டுக் கம்பனிக்கு நண்டு உடைக்கக் கூட்டிப்போகத்தான் நினைக்கிறன்.”

“பரீட்சை முடியட்டும்மா. நல்லா படிக்கிற பிள்ளை.”

“எங்களுக்கு ஆசை இல்லையோ? நீங்கள் இந்தியாவில எவ்விடம்?”

“தங்கச்சிமடம்.” டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “எங்கப்பாவும் அந்த மாதிரி விசைப்படகுலதான் வாராங்க. பள்ளிக்கூடத்துல கடை வச்சிருக்காங்கன்னு பொய் சொல்லிட்டேன்” என்றாள்.

வாசல்படியில் நின்ற நிரோஜினி உள்ளே போய்விட்டாள். அம்மா கோபப்படவில்லை. “குடியுங்கோ டீச்சர், ஆறிப்போகுது” என்றாள். அந்தத் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் ரெக்ஸலினுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

நிரோஜினி அதன் பிறகு பள்ளிக்கூடம் வரவேயில்லை.

ஊர் திரும்பியதும் அப்பாவிடம் கேட்டாள். “மன்னார்க்காரவுக வலைய நீங்க அறுத்திருக்கீகளாப்பா?”

“வேணும்னு யாரு அறுக்குறா தாயி? இழுக்கையில நம்ம மடிவலையில சிக்கி வந்துரும்.”

“வந்தா?”

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “வெட்டி விட்டுருவோம்” என்றார். கை கழுவ எழுந்தவர் தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டே போனார்.

அடுத்த மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போனபோது அப்பாவின் படகு எல்லை தாண்டி இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டது. அப்பா இரண்டு மாதம் அங்கே சிறையில் இருந்தார். பேருந்து நிலையத்தருகே ஊரே உட்கார்ந்து, பிடிபட்டவர்களை விடுவிக்கச் சொல்லிக் கோஷம் போட்டது. ரெக்ஸலினும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கோஷம் போடப் போனால் நிரோஜினி வீட்டு முற்றத்து வலைதான் கண்ணில் நின்றது. ஆனாலும் அப்பா வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

அப்பா இளைத்துத் திரும்பினார். படகு திரும்பவில்லை; அங்கேயே பறிமுதல் செய்துவிட்டார்கள். இப்போது ஐஸ் கம்பெனியில் கூலிக்குப் போகிறார்.

ரெக்ஸலின் ராமநாதபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறாள். நிரோஜினிக்கு மூன்று கடிதம் போட்டாள். பதில் இல்லை. மன்னார்ப் பள்ளிக்கூடத்துச் சகோதரி மட்டும் ஒருமுறை போனில் சொன்னார்: அந்தப் பிள்ளை நண்டுக் கம்பெனியில்தான் இருக்கிறாளாம், கையெல்லாம் வெட்டுக்காயமாம்.