டூ ஏபியைத் தின்ற டீச்சர்

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் தெருவில், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் யாரும் செல்போனில் உருப்படியாகப் பேச முடியாது. மெக்கானிக் ஜஸ்டின் வீட்டு மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள்ளிருந்து திடீரென்று "தப்பூ!" என்று பெருங்கூச்சல் கிளம்பும். பின்னாலேயே எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் போட்டு அடி அடியென்று அடிப்பார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் மறுபடியும் கொரோனா வந்துவிட்டதோ என்று பயந்து வாசலுக்கு ஓடிவருவார்கள். பழகியவர்கள் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள்.

அதுதான் ஜஸ்டினின் மனைவி ஷர்லி நடத்தும் கணக்கு டியூஷன்.

ஷர்லிக்கு ஓரிடத்தில் நிற்க வராது. பாடம் நடத்தும்போது தலைமுடியில் பாதி சாக்பீஸ் தூள்தான் இருக்கும். சிரிக்க ஆரம்பித்தால் ஒரு செம்பு தண்ணீர் குடித்தால்தான் நிற்கும். பயம் வந்தாலும் சிரிப்பாள், கோபம் வந்தாலும் சிரிப்பாள். கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் அவள் சிரித்த சிரிப்பில் சாமியாருக்கே செபம் மறந்துபோனது. "பிரேக் இல்லாத வண்டியக் கட்டிட்டு வந்துட்டேன்" என்பான் ஜஸ்டின். சொல்லும்போது அவன் முகத்தில் பெருமைதான் தெரியும்.

புதுக்கோட்டையில் கணக்குப் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, ஒரு தனியார் பள்ளியில் சில வருஷம் வேலை பார்த்தாள். அங்கே வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். அந்த அமைதி ஷர்லிக்குப் பிடிக்கவே இல்லை. போர்டில் ஒருநாள் ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று கை தவறி எழுதிவிட்டாள். வகுப்பு முழுவதும் மரியாதையாக அதை அப்படியே எழுதிக்கொண்டது. அன்று வீட்டுக்கு வந்தவள் சோறு உண்ணவில்லை.

"அத்தன பேருல ஒருத்தனுக்குக்கூடவா தெரியாது? தெரியுங்க. டீச்சர் எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு நெனப்பு. டீச்சரு சொல்றது தப்புன்னா வாயத் தொறந்து தப்புன்னு சொல்லணும். அப்படி ஒரு பிள்ள சொல்லிட்டா அத்தோட எம் வேல முடிஞ்சிச்சு" என்றாள் புருஷனிடம்.

டியூஷன் ஆரம்பித்ததும் முதல் வேலையாக அதைத்தான் செய்தாள். தினமும் போர்டில் ஒரு தப்பை ஒளித்துவைப்பாள். எங்கே வைத்திருக்கிறாள் என்று சொல்லமாட்டாள். கண்டுபிடிக்கிற பிள்ளை எழுந்து கத்த வேண்டும், தட்டை அடிக்க வேண்டும், ஏன் தப்பு என்று எல்லோருக்கும் விளக்க வேண்டும். விளக்கிவிட்டால் ஷர்லியின் அப்பா கொல்லையிலிருந்து வரும் முந்திரியில், வறுத்தது ஒரு பிடி. அந்தப் பிடிக்காகப் பிள்ளைகள் போர்டை முறைத்துப் பார்க்கிற பார்வையில் போர்டே ஒருநாள் பொத்துப்போகும் என்று ஜஸ்டின் எதிர்பார்த்தான்.

கெட்ட பழக்கம் டியூஷனோடு நின்றால் பரவாயில்லை. பத்தாவது படிக்கும் அஜித் ஒருநாள் சைக்கிளில் போனவன், கடைத்தெருவில் கட்டியிருந்த காதணி விழா ஃபிளெக்ஸைப் பார்த்து பிரேக் போட்டான். கருப்புக் கண்ணாடி போட்ட பெரியண்ணன் அதில் கை கூப்பி நின்றார். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பேரனுக்குக் காது குத்து. விழா நாள் செப்டம்பர் முப்பத்தொன்று என்று போட்டிருந்தது.

"தப்பூ!" என்று கத்தினான் அஜித். கையில் தட்டு இல்லாததால் சைக்கிள் பெல்லை விடாமல் அடித்தான். கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியண்ணனும் பார்த்தார்.

ஃபிளெக்ஸைக் கழற்றி மாற்றினார்கள். ஆனால் பெரியண்ணனின் மனத்தாங்கலைக் கழற்ற முடியவில்லை. "பெரியவங்களப் பாத்துத் தப்புன்னு கத்தச் சொல்லிக் குடுக்குறதுக்குப் பேரு டியூஷனா?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார். ஷர்லி இதைக் கேள்விப்பட்டு இரண்டு செம்பு தண்ணீர் குடித்தாள்.

இவ்வளவு ஆட்டத்துக்கு நடுவிலும் ஒரே ஒரு பிள்ளை வாய் திறக்கவில்லை. தேவிப்ரியா. தையல்கடை ராசாத்தியின் மகள், பத்தாவது. வாய்ப்பாடு கேட்டால் தண்ணீர்பட்ட பாடாகச் சொல்வாள், பெருக்கல் எல்லாம் மின்னல். ஆனால் போர்டில் இருப்பதைத் தட்டிக்கேட்க மட்டும் வராது. ராசாத்தி வளர்த்த வளர்ப்பு அப்படி. பெரியவர்கள் பேசினால் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

போர்டில் என்ன இருந்தாலும் தேவிப்ரியா எழுதிக்கொள்வாள். ஒருமுறை கணக்குக்குக் கீழே ஷர்லி மறதிக்காக "பால் வாங்கணும்" என்று எழுதிவைத்திருந்தாள். தேவிப்ரியாவின் நோட்டில், கணக்கு முடிந்து, "ஆகவே, பால் வாங்கணும்" என்று அடிக்கோடு போட்டிருந்தது. ஷர்லி சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். பிறகு, அன்றிரவு படுக்கப்போகும்போது, அந்தப் பிள்ளையை நினைத்து அழுதாள்.

அதன் பிறகு தேவிப்ரியாவுக்காகவே தப்புகள் பெரிதாகிக்கொண்டே போயின. வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம் என்றாள் ஷர்லி. மற்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். தேவிப்ரியா எழுதிக்கொண்டாள். ஷர்லி நாலு மூலை வைத்து ஒரு முக்கோணம் வரைந்தாள். தேவிப்ரியா ஸ்கேல் வைத்து, பென்சில் சீவி, அவள் வரைந்ததைவிட அழகாக அந்த நாலு மூலை முக்கோணத்தை வரைந்தாள்.

"ஒங்களுக்குப் பைத்தியம் புடிக்கிறதுக்குள்ள விட்ருங்க மிஸ்" என்றான் அஜித், நிஜமான கவலையோடு.

ஷர்லி விடவில்லை. எந்தப் பிள்ளைக்கும் கட்டாயம் தெரிந்திருக்கும் ஒன்றை எடுத்தாள். ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் ஈக்குவல் டு ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் என்று போர்டு முழுவதும் எழுதினாள். நடுவில் வர வேண்டிய டூ ஏபியைக் காணோம். எழுதிவிட்டு தேவிப்ரியாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகளும் மூச்சை அடக்கிக்கொண்டு தேவிப்ரியாவைப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான், மகள் மறந்துவிட்டுப்போன தண்ணீர் பாட்டிலோடு ராசாத்தி மாடி ஏறி வந்தாள்.

ராசாத்தி பன்னிரண்டாவது வரை படித்தவள். மற்ற எல்லாம் மறந்துபோயிருக்கலாம், டூ ஏபி மறக்கவில்லை. பேசாமல் போனை எடுத்தாள், போர்டை ஒரு போட்டோ பிடித்தாள், மகளின் கையைப் பிடித்தாள், இறங்கிப் போய்விட்டாள். ஷர்லி "அக்கா, அக்கா!" என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினாள். பாழாய்ப்போன சிரிப்பு அப்போதுதானா வர வேண்டும்?

இரவுக்குள் போட்டோ பெற்றோர்கள் வாட்ஸப் குரூப்பில் வந்துவிட்டது. "இந்த டீச்சர்ட்டதான் நம்ம பிள்ளைக பத்தாவது பரீட்சைக்கிப் படிக்கிது" என்று ராசாத்தி கீழே போட்டிருந்தாள். பிள்ளைகள் வீட்டுக்கு வீடு கத்திப் பார்த்தார்கள். "மிஸ் வேணும்னேதாம்மா போட்டாங்க!" என்றால் யார் நம்புவார்கள்? எந்த டீச்சராவது வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிக்கொடுப்பாளா? ஷர்லி விளக்கம் சொல்லி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். அதில் முக்கால்வாசி சிரிப்புச் சத்தம்தான் இருந்தது. அதோடு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று. ஆலங்குடியில் அவளுக்கு "டூ ஏபியத் தின்ன டீச்சர்" என்று பேராகிவிட்டது.

அந்த வாரம் ஐந்தரை மணி டியூஷனுக்குக் கொட்டகையில் அஜித்தும் இன்னும் நாலைந்து பேரும்தான் உட்கார்ந்திருந்தார்கள். தட்டுச் சத்தம் கேட்காமல் தெருவுக்கே ஒரு மாதிரி இருந்தது. ஷர்லிக்கு முதல்முறையாகச் சிரிப்பு வரவில்லை.

"டியூஷன் போனாப் போகுதுங்க. அந்தப் பிள்ளைதான்... இன்னும் கொஞ்சம் நாள் இருந்தா வாயத் தொறந்திருக்கும்" என்றாள் ஜஸ்டினிடம். "இப்ப அதுவும் பத்தாவது பரீட்சையில எவனோ தப்பா அடிச்ச கேள்வியப் பாத்துத் தலையாட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்."

ஜஸ்டின் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "நீ எதுக்கு ஒளியுற? எல்லாரையும் இங்கிட்டு வரச் சொல்லு. அவுங்களே ஒரு கணக்குக் குடுக்கட்டும், அவுங்க கண்ணு முன்னாடி போட்டுக் காட்டு."

குரூப்பில் இதைப் போட்டதும் எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. டீச்சருக்கே பரீட்சை என்றால் யாருக்குத்தான் வேடிக்கை பார்க்க ஆசை இருக்காது? கேள்வி கேட்கப் பெரியண்ணன் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டார் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு, அவர் காத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்த ஷர்லி, ஆட்கள் வருவதற்கு முன்பே தன் பிள்ளைகளை உட்காரவைத்துக் கண்டிப்பாகச் சொன்னாள்: "இன்னக்கி விளையாட்டு கெடையாது. நான் எதையும் ஒளிச்சு வைக்க மாட்டேன். யாராவது தப்புன்னு கத்துனீங்க, ஒரு மாசத்துக்கு முந்திரியே கண்ணுல காட்ட மாட்டேன்." பிள்ளைகள் வாய்மேல் விரலை வைத்துக்கொண்டார்கள். தட்டை அஜித் தன் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

கொட்டகை நிரம்பி, மாடிப்படியில்கூட ஆட்கள் நின்றார்கள். கடைசியாக ராசாத்தி வந்தாள். "நீயே ஒன் கண்ணால பாத்துக்க" என்று தேவிப்ரியாவையும் இழுத்துவந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் ஷர்லி ஏற்கனவே துடைத்திருந்த போர்டை மறுபடியும் துடைத்தாள்.

பெரியண்ணன் தொண்டையைச் செருமினார். "ஒரு காதணி விழாவுக்குப் பந்தல் போடணும். பந்தலோட நீளம், அகலத்தவிட மூணு மீட்டர் அதிகம். பரப்பு நூத்தியெம்பது சதுர மீட்டர். அப்படின்னா நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு? போடுங்க டீச்சரம்மா."

ஷர்லி தினமும் பல் துலக்குகிற மாதிரி போடுகிற கணக்கு இது. ஆனால் முதுகுக்குப் பின்னால் அத்தனை கண்கள். தெரியாததை எக்ஸ் என்று வைத்தாள், சமன்பாட்டை எழுதினாள், பிரித்தாள். கை கடகடவென்று ஓடியது. பிரித்த இடத்தில் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறி விழுந்ததை அவள் பார்க்கவில்லை. அகலம் பதினைந்து, நீளம் பதினெட்டு என்று பெரிதாக எழுதி, அடிக்கோடு போட்டு, சாக்பீஸை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

பெரியண்ணன் போர்டை வரிவரியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ம்... சரியாத்தான் போட்டுருக்காங்க" என்றார், மனசே இல்லாமல்.

அஜித்தின் முகம் சிவந்து போயிருந்தது. அவன் பக்கத்தில் இருந்தவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மிஸ்ஸுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, அதுவும் இத்தனை பேர் முன்னால் மிஸ்ஸை எப்படிக் காட்டிக்கொடுப்பது?

பின்வரிசையில் தேவிப்ரியா உள்ளங்கையில் பேனாவால் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். மெதுவாக எழுந்தாள். ராசாத்தி அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். அவள் உட்காரவில்லை.

"மிஸ்" என்றாள். குரல் பாதியில் உடைந்து, மறுபடி வந்தது. "தப்பு மிஸ்."

உள்ளங்கையில் எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பதினஞ்சப் பதினெட்டால பெருக்குனா எரநூத்தியெழுவது வருது மிஸ். அய்யா நூத்தியெம்பதுதான சொன்னாக. அகலம் பன்னெண்டு, நீளம் பதினஞ்சுன்னாதான் சரியா வரும்."

ஷர்லி திரும்பிப் போர்டைப் பார்த்தாள். தப்புதான். அவள் ஒளித்துவைக்காத தப்பு, அசல் தப்பு, ஊர்கூடிப் பார்க்கப் போட்ட தப்பு. டியூஷன் இதோடு முடிந்தது. இதெல்லாம் அவள் மண்டையில் ஏறுவதற்குள் அவள் கால்கள் தரையை விட்டுக் கிளம்பிவிட்டன.

"சொல்லிட்டா! சொல்லிட்டாடீ என் தங்கம்!" என்று குதித்தாள். அஜித்தின் தொடைக்கடியிலிருந்து தட்டை உருவினாள். கரண்டி கிடைக்கவில்லை, டஸ்டராலேயே அடித்தாள். அடக்கிவைத்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் "தப்பூ!" என்று கத்திய கத்தலில் தகரம் அதிர்ந்தது. ஷர்லி சிரித்தாள், அழுதாள், முந்திரி டின்னைத் தேடிக் கீழே ஓடினாள், டின் மாடியிலேயே இருப்பது ஞாபகம் வந்து மேலே ஓடிவந்தாள். ஒரு பிடி எங்கே? டின்னையே தூக்கி தேவிப்ரியாவின் கையில் கொடுத்துவிட்டாள்.

ராசாத்தி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை நாலு பேர் முன்னால் பேசி அவள் பார்த்ததே இல்லை.

"ஏ ஆத்தா, ஒனக்கு எப்படி இம்புட்டுத் தைரியம் வந்துச்சு?"

"நீதானம்மா சொன்ன. ஒரு வாரமா மிஸ்ஸு தப்பாப் போடுவாங்க, தப்பாப் போடுவாங்கன்னு. அதான் சரியான்னு பெருக்கிப் பாத்தேன்."

ஷர்லி இத்தனை மாதம் குட்டிக்கரணம் போட்டும் நுழையாததை, ராசாத்தியே ஒரு வாரத்தில் மகளின் தலைக்குள் ஏற்றியிருக்கிறாள். போர்டில் டூ ஏபி ஏன் காணாமல் போனது என்பது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெரியண்ணன் எழுந்து நின்றார். "டீச்சரம்மா பரீட்சையில ஃபெயிலு" என்றார் உரக்க. பிறகு தாடையைச் சொறிந்துகொண்டார். "சரின்னு சொன்ன நானும் ஃபெயிலு. செப்டம்பரையும் சேத்தா ரெண்டு தரம். எம் பேரன் காது குத்துன கையோட இங்கதான் வாரான், எடம் போட்டு வைங்க." அவர் சிரித்ததும் கூட்டம் முழுவதும் சிரித்தது. ஜஸ்டின் மனைவிக்குத் தண்ணீர்ச் செம்பை நீட்டினான்.

ராசாத்தி ஷர்லியின் பக்கத்தில் வந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கி எத்தன மணிக்கி அனுப்ப, டீச்சர்?"

"ஆறு மணிக்கி அனுப்புங்கக்கா."

தேவிப்ரியா வாய் நிறைய முந்திரியோடு நிமிர்ந்தாள்.

"தப்பு மிஸ். அஞ்சர."