குதிகாலில் கட்டிய ரப்பர்

என் வீட்டுக்காரருக்குக் குதிகால் வலி வந்தது, மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலத்தில். வலி என்றால் காலையில்தான் வலி. பாயை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது ஆணியை மிதித்தவர் மாதிரி கத்துவார். நாலு அடி நடந்ததும் முனகலாகக் குறையும். வேலைக்காட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மற்றவர்களைப் போலவே நடப்பார். இதனாலேயே லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் அவரை நம்பவில்லை. நானும் முதலில் நம்பவில்லை.

தெப்ராவ் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. வெள்ளைக்கார துரை ஓடிப்போன பிறகு பால்வெட்டு முக்கால்வாசி நின்றுவிட்டது. ஆம்பிளைகள் காட்டை அழித்து மரவள்ளி நட்டார்கள். வெறுங்காலோடு கட்டாந்தரையில் நின்று கொத்தி, மூட்டை சுமந்து அவர் குதிகால் கெட்டது. நான் ஜொகூர் பாரு டவுனில் வளர்ந்து, கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்தவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று லயத்தில் பேச்சு. பொய்யில்லை.

எதிர்வீட்டில் தனியாக இருந்த அக்காதான் முதல் வைத்தியம் சொன்னார். செங்கல்லைச் சுடவைத்து, மேலே எருக்கிலை போட்டு, அதில் குதிகாலை அழுத்த வேண்டும். இவர் சூடு பார்க்காமல் அழுத்தி ஒரு கொப்புளத்தை வாங்கிக்கொண்டார். அடுத்து உப்பு ஒத்தடம் என்றார் அக்கா. குழம்புக்கே உப்பில்லாத காலத்தில் காலுக்கு எங்கே போவது? கடைசியில், கீறிவிட்டால் கெட்ட ரத்தம் இறங்கிவிடும் என்று சவரக்கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்து நின்றார். அன்று பொழுது சாயும் வரை என் வீட்டுக்காரரை மரவள்ளிக் காட்டுக்குள் தேடினேன்.

அதற்குப் பிறகுதான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸரிடம் அழைத்துப் போனேன். மருந்து அலமாரி துடைத்துவிட்டது மாதிரி காலி. டிரஸர் குதிகாலை விரலால் அழுத்திப் பார்த்தார். இவர் முக்காலியோடு துள்ளினார்.

“கத்தியும் வேணாம், ஊசியும் வேணாம்” என்றார் டிரஸர். “உள்ளங்கால் நரம்பு இறுகிப்போச்சு, அவ்வளவுதான். காலைல தரையில கால வைக்கிறதுக்கு முன்னாடி விரல உன் பக்கம் இழுத்துப் பிடி. காலிப் போத்தல உள்ளங்காலுக்குக் கீழ போட்டு உருட்டு. சுவத்துல கைய ஊணி கெண்டைக்கால நல்லா நீட்டி விடு. குதிகாலுக்கு மெத்துன்னு ஏதாச்சும் வச்சுக் கட்டிக்க. மாசக்கணக்கு ஆகும், அவசரப்படாத.”

அவசரப்படாதே என்று என் வீட்டுக்காரரிடம் சொல்வது மழையிடம் நனைக்காதே என்று சொல்வதுதான். போத்தல் உருட்டினார், சுவரைத் தள்ளிக்கொண்டு நின்றார். மெத்தென்று வைக்க என்ன செய்வது? கட்டுகிற துணிக்கே பஞ்சம். பால்வெட்டுக்காரர் அல்லவா, ஒரு சிரட்டையில் ரப்பர் பாலை உறையவிட்டு, இளசாக இருக்கும்போதே குதிகாலை அழுத்தித் தடம் பதித்தார். அச்சு வார்த்தது போல அமைந்தது. பழைய கைலித்துணியால் காலோடு சுற்றிக் கட்டிக்கொண்டு லயம் முழுக்க நடந்து காட்டினார்.

அந்தக் கட்டியைக் கழுவி, புகைபோட்டுக் காயவைத்த பிறகு கட்டியிருக்க வேண்டும். ரப்பர் காயவைக்கும் புகைக்கூண்டிலும் வேலை பார்த்த மனுஷனுக்கு இது தெரியாததா? பொறுமைதான் இல்லை. மூன்றே நாளில் அது நாற ஆரம்பித்தது. செத்த எலி கூட அதற்குப் பக்கத்தில் தேவலை. லயத்துக்காரர்களுக்கு உறைந்த ரப்பர் நாற்றம் பிறந்தது முதல் பழகிய வாடை, யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. டவுன்காரி மூக்குதான் தவித்தது.

“என்னாங்க, அதக் கழட்டி வெளிய வைங்க. இல்லாட்டி நீங்களும் வெளியவே படுங்க.”

“காலு நல்லாருக்குலா, நீ வேற” என்று சிரிப்பார். ஆனாலும் தினமும் அதை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். அதில் நான் கண்டிப்பு.

கால் உண்மையாகவே தேறிவந்த நேரத்தில்தான் வடக்கே சியாமுக்கு ஜப்பான்காரர்கள் ஆள் எடுக்கிறார்கள் என்ற சேதி வந்தது. அங்கே ரயில் பாதை போட வேண்டுமாம். நொண்டிகளை எடுக்க மாட்டார்களாம் என்று எங்களை வேலை வாங்கும் கங்காணி சொன்னார். மற்றத் தோட்டங்களிலிருந்து முன்பே போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசி கூட வரவில்லை. அதுவரை மாதாவிடம் அவர் வலி தீர வேண்டும் என்று செபித்தவள், அன்று முதல் தீரவே கூடாது என்று செபித்தேன். மாதாவுக்கே குழம்பியிருக்கும்.

“நாளைக்கு நொண்டி நடங்க” என்று ஆள் எடுப்புக்கு முந்தின ராத்திரி கெஞ்சினேன்.

“பொய்யா நொண்ட எனக்கு வராதுலா. சிரிச்சிடுவேன்.”

காலையில் கூப்பிட்டிருந்தாலாவது கொஞ்சம் வலி மிச்சம் இருந்திருக்கும். கூப்பிட்டது உச்சி வெயிலில். திடலில் ஒரு ஜப்பான் அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்க வேண்டும். வலப்பக்கம் தடியைக் காட்டினால் லாரி, இடப்பக்கம் காட்டினால் வீடு. பெண்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம். என் வீட்டுக்காரர் நடந்தார். கல்யாணத்தன்று கோயிலில் கூட அவ்வளவு நேராக அவர் நடந்ததில்லை. நான் அக்காவின் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டேன்.

தடி வலப்பக்கம் திரும்பப் போனது. அதற்குள் காலில் இருந்த கட்டு அதிகாரியின் கண்ணில் பட்டது. அவிழ் என்று சைகை காட்டினான். இவர் அவன் காலடியிலேயே குந்தி, அழுக்குத்துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். வெயிலில் வெந்திருந்த கட்டி வெளியே வந்தது. அதிகாரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, மூக்கைப் பொத்தி இரண்டடி பின்னால் போனான். அந்த நாற்றம் காலிலிருந்து வருகிறது, கால் அழுகிவிட்டது என்று நினைத்துவிட்டான்.

“பூசோக், பூசோக்” என்றான். நாறுகிறது என்கிற அந்த மலாய்ச் சொல் மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. கங்காணி முகத்தைச் சாவு வீட்டு முகமாக வைத்துக்கொண்டு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். தடி இடப்பக்கம் திரும்பியது. கிட்டே வந்துவிடாதே என்கிற மாதிரி இரண்டு முறை திரும்பியது.

அன்று லாரி காலியாகப் போகவில்லை. அடுத்த லயத்துப் பெண்கள் அழுதுகொண்டிருந்ததால் நாங்கள் தலையைக் குனிந்துகொண்டே வீட்டுக்கு நடந்தோம். வழியில் அவர் பக்கம் நான் திரும்பக்கூட இல்லை. திரும்பினால் அழுவேனா சிரிப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

வாசலுக்கு வந்ததும் அவர் வழக்கம்போல குனிந்து துணியை அவிழ்த்து, கட்டியைப் படிக்குக் கீழே வைக்கப் போனார்.

“என்னாங்க” என்றேன். “அத உள்ள கொண்டு வந்து மாதா படத்துக்குக் கீழ வைங்க.”