ஒரே ஆளுக்கு மூன்று பெயர்

கீழப்பழுவூர்ப் பக்கம் வீடு வீடாகத் தபால் கொடுப்பது என் வேலை. இங்கே ஒரே ஆளுக்கு வீட்டில் ஒரு பெயர், தெருவில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொன்று. எல்லாம் எனக்கு அத்துப்படி என்கிற திமிரும் உண்டு. அப்படிப்பட்டவள் ஒரு ரஷ்ய நாவலில் போய் ஏமாந்தேன், இதை எங்கே போய்ச் சொல்ல.

அரியலூரில் எங்கள் வாசகர் கூட்டம் ஒரு பழைய ரஷ்ய எழுத்தாளரின் நாவல்களை ஒவ்வொன்றாகப் படித்து வந்தது. ஒவ்வொன்றும் செங்கல் தடிமன். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் பேச வேண்டும். எனக்கு அதுதான் முதல் மேடை. கூட்டத்தை நடத்தும் டீச்சரக்கா, "நீ பேசிருவ, எனக்குத் தெரியும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அவர் சொன்னதைப் பொய்யாக்கிவிடக் கூடாதே என்று ஒரு வாரமாக இருப்புக் கொள்ளவில்லை. ஆறு பக்கம் எழுதினேன். நாவலில் ஒருவன் தம்பியை மழையில் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அவன் பெயரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்னொருவன் பனியில் கிடந்த யாரோ ஒரு குழந்தைக்குத் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்துகிறான். அவனுக்காக அழுதேன். இருவரையும் எதிரெதிரே நிறுத்தி வெளுத்து வாங்கியிருந்தேன்.

சனிக்கிழமை காலை ஒரு பதிவுத் தபால். பெயர் எனக்குப் புதிது. டீக்கடையில் விசாரித்தால், தினமும் நான் பார்க்கிற பெரியவர் எழுந்து வந்தார்.

"குடும்மா, அது நாந்தான்."

"வேற பேரு சொல்லித்தானங்க இத்தன நாளா கூப்புடுறேன்?"

"அது வூட்டுல கூப்புடுறது. இது எங்கப்பா பேரோட சேத்து எழுதுனதும்மா."

கையெழுத்து வாங்கிய கையோடு பையிலிருந்து நாவலை எடுத்தேன். முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். என்னுடைய அந்த இருவரும் ஓரிடத்தில்கூடச் சந்திக்கவில்லை. எப்படிச் சந்திப்பார்கள்? ஒன்று செல்லப்பெயர், மற்றது ரஷ்ய வழக்கப்படி அப்பா பெயரோடு சேர்த்துச் சொல்வது. ஆள் ஒருவன்தான்.

சாயங்காலம் ஆறு பக்கத்தையும் பைக்குள் திணித்துவிட்டு, நடந்ததை அப்படியே மைக்கில் சொன்னேன். "இப்ப நான் எதத் திரும்ப வாங்கிக்கிறது? திட்டுனதையா, அழுததையா? ரெண்டையும் வாங்கிக்க மாட்டேங்க." அப்படியொரு சந்தோஷம். இத்தனை பெரிய நாவலை அன்றைக்குத்தான் படித்து முடித்தது போல இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. டீச்சரக்கா தன் நோட்டைப் புரட்டி எதையோ தேடினார். பிறகு என் பக்கத்தில் வந்து, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, அந்த ரெண்டு பேரும் ஒருத்தனா?"