லெப்டினன்ட் சொன்னபடி எழுதிய ரிப்போர்ட்

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் பாய்லர் இன்சார்ஜாக இருந்தேன். வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போகும்போது அதன் புகைபோக்கி தெரிந்தால் இன்றும் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்ப்பேன். அதற்கு முன் கடற்படையில் ஸ்டோக்கர். கப்பலின் அடித்தளத்தில் பாய்லர் பார்க்கிற வேலை. போர்க்கதை கேட்பவர்களுக்கு என் அதிகாரி லெப்டினன்ட் ஜெயசீலனைப் பற்றிச் சொல்வேன். பாதியோடு நிறுத்திவிடுவேன். மீதியையும் இங்கே எழுதுகிறேன்.

1. கடலில்

போரின் நாலாம் நாள், நடுப்பகல். பக்கத்தில் குண்டு வெடித்த அதிர்ச்சியில் ஒன்றாம் பாய்லரின் ஸ்டீம் பைப் பிளந்தது. பிரஷர் இறங்கி, கப்பலின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. நின்றுபோன கப்பலை அடிப்பது சுலபம். பிளந்த பைப்பின் வால்வை மூடினால் இரண்டாம் பாய்லரை வைத்துத் தப்பலாம். வால்வு நீராவிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

ஜெயசீலன் சார் தூத்துக்குடிக்காரர், இருபத்தெட்டு வயது. மற்றவர்களை மேலே அனுப்பினார். என் கையில் ஹோஸைக் கொடுத்து, தன் முதுகில் விடாமல் தண்ணீர் அடிக்கச் சொன்னார். நனைத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த குண்டு விழுந்தது. விளக்குகள் அணைந்தன. ஹோஸைப் போட்டுவிட்டு ஏணிக்கு ஓடினேன். பாதி ஏறியபோது அவர் இருமுவது கேட்டது. இறங்கி வந்து ஹோஸை எடுத்தேன். தண்ணீர் இல்லாத அந்த நேரத்திலும் அவர் வால்வை விடவில்லை. மூடிவிட்டுத்தான் வந்தார். உள்ளங்கைகளில் தோல் இல்லை. கப்பல் நகர்ந்தது, எல்லோரும் கரை சேர்ந்தோம்.

மருத்துவமனையில் அவரிடம், நான் ஏணிக்கு ஓடியதை அழுதபடி சொன்னேன்.

"தெரியும்ப்பா. தண்ணி நின்னுச்சே," என்றார். "பயந்து ஏறினான், யாரும் கூப்பிடாம திரும்பி வந்தான். ரெண்டையும் ரிப்போர்ட்ல எழுதச் சொல்லியிருக்கேன்."

எனக்குத் தண்டனை வரவில்லை. அவருக்குப் பதக்கம் வந்தது. விரல்கள் கடைசிவரை சரியாக மடங்கவில்லை.

2. ஒரகடத்தில்

ஓய்வுபெறும் வருடம், காலை ஷிஃப்டில் பாய்லரின் நீர்மட்டம் காட்டும் கேஜ் கிளாஸ் உடைந்து கொதிநீர் பீய்ச்சியடித்தது. ஆபரேட்டர் குமார் மணிமங்கலத்துக்காரர், நாற்பது வயது. எமர்ஜென்சி ஸ்டாப்பைக்கூட அழுத்தாமல் வெளியே ஓடிவிட்டு, பிறகு தானாகத் திரும்பி வந்து எல்லாவற்றையும் நிறுத்தினார். குமார் ஓடியதை மேனேஜர் கேமராவில் பார்த்துவிட்டார்.

"ஓடுற ஆளை பாய்லர்ல வெச்சிக்க முடியாது. ஓடிட்டான்னு எழுதிக் குடுங்க, போதும்," என்றார்.

குமாரைக் கேட்டேன். "காலு தானா ஓடிச்சு சார். வெளிய போனப்பறம்தான் பக்கத்து லைன்ல ஆளுங்க கீறாங்கன்னு நெனப்பு வந்துச்சு."

இரண்டையும் எழுதினேன். மேனேஜர் முகம் சுளித்தார். அப்போதுதான் முதல்முறையாக, அவரிடம் என் ஏணிக் கதையை முழுதாகச் சொன்னேன். பிறகு, குமாருக்கு மறுபடி டிரெய்னிங் கொடுத்து வேலையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். இன்று குமார்தான் அங்கே இன்சார்ஜ்.

ஜெயசீலன் சார் இப்போது இல்லை. வால்வை மூடியதற்காக அவரை வீரர் என்றார்கள். கைவிட்டு ஓடியவனிடம் கட்டுப் போட்ட கைகளோடு முகம் மாறாமல் பேசினாரே, அதையும் வீரம் என்றுதான் நான் கற்றுக்கொண்டேன்.