என் கடைக்கு வந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்

சிங்கப்பூரில் கடைக்குப் போனால் யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. வந்து பதினோரு வருஷமாகியும் எனக்கு இது மட்டும் பழகவில்லை. கதவு தானாகத் திறக்கும். சாமானை நாமே எடுத்துக்கொள்கிறோம். கல்லாவில் இருக்கிற பெண் அதை ஒரு சிவப்பு வெளிச்சத்தில் காட்டுகிறாள், அது 'கீ' என்கிறது, முடிந்தது வியாபாரம். வந்த முதல் வாரம் சோப்பு வாங்கப் போனவன் வாய் சும்மா இருக்காமல், "எங்கள் ஊரில் இந்த சோப்பு பச்சை உறையில் வரும்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிவைத்தேன். அந்தப் பெண் பதறிப்போய் மேனேஜரைக் கூப்பிட்டுவிட்டாள். அவர் ஓடிவந்து, சோப்பில் என்ன குறை, மாற்றித் தரட்டுமா என்று கேட்டார். குறை சொல்லவில்லை ஐயா, சும்மா பேசினேன் என்பதை அந்த இரண்டு பேருக்கும் விளங்கவைக்க என்னால் முடியவில்லை. வேறொரு சோப்பைக் கையில் திணித்து அனுப்பினார்கள்.

காரைக்குடியில் கடை என்றால் முதலில் ஆள், பிறகுதான் சாமான். என் மனைவி மும்தாஜின் அண்ணன் காஜா, பழைய சாமான் கடை திறந்த நாள் நினைவுக்கு வருகிறது. பெரிய வீடுகளைப் பிரிக்கும்போது வெளியே வருகிற எனாமல் தூக்குச் சட்டி, பீங்கான் ஜாடி, முழங்கை நீளச் சாவி, இவைதாம் கடையில். யார் வாங்குவார்கள் என்று காஜாவுக்கே தெரியாது. ஆனால் திறந்த அன்றைக்கு நிற்க இடமில்லை. எல்லாம் எங்கள் சொந்தபந்தம். புதுக்கடை வெறிச்சோடிக் கிடக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து நடைமுறை. ஆள் நிற்கிற கடைக்குத்தான் ஆள் வரும் என்று பத்து நாளைக்கு வீடு வீடாக முறை வைத்துப் போய் நிற்பார்கள். பெண்கள் ஜாடியைத் தூக்கிப் பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், "இது என்ன வெலை சொல்றீக?" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி விசாரித்துவிட்டு வைத்துவிடுவார்கள். என்னைப் பெருநாள் சட்டை போடச் சொல்லி வாசலிலேயே நிறுத்தினார்கள். "மாப்பிள்ளை, வெளியூர் பார்ட்டி மாதிரி நில்லுங்க. பல்லைக் காட்டாதீக" என்றார் காஜா. நானும் விறைப்பாக நின்றேன். இதையெல்லாம் செய்தவன் நான். அதை மறந்தவனும் நான்தான்.

எனக்கு வேலை, கப்பல்களுக்குக் கயிறும் பெயிண்டும் அனுப்புகிற ஒரு கிட்டங்கியில் ஸ்டோர் கீப்பர். ஒரு அறையில் பத்துப் பேர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் ஊர். என் மகள் நூருக்கு ஆறு வயது. என்னை மூன்று தடவைதான் பார்த்திருக்கிறாள். கடைசியாகப் போனபோது, நான் வீட்டில் உட்கார்ந்திருக்கையில் போன் மணி அடித்தது. "அத்தா பேசுறாக!" என்று அவள் போனை நோக்கி ஓடினாள். அவள் அத்தா நான், பக்கத்தில்தான் இருந்தேன். பிள்ளையை யாரும் திருத்தவில்லை. மும்தாஜ் அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்றைக்கு முடிவு செய்தேன், இன்னொரு ஒப்பந்தம் போடக்கூடாது, எப்படியாவது ஊரோடு போய்ச் சேர வேண்டும் என்று. ஆனால் ஊருக்குப் போய் என்ன செய்வது? கையில் முதல் கிடையாது. தெரிந்த தொழில், கயிற்றுச் சுருளை எண்ணுவது.

அப்போதுதான் இந்த இன்டர்நெட் வந்தது. கிட்டங்கி ஆபீஸில் எங்கள் மேலதிகாரி, சீனப் பெண்மணி, லிம் மேடம் என்று கூப்பிடுவோம். அவர் மத்தியானம் சாப்பிடப் போகும்போது நாற்காலியையும் கம்ப்யூட்டரையும் எனக்கு விட்டுப் போவார். காசில்லாமல் கடை போட இடம் தருகிறார்கள், வாடகை கிடையாது, அட்வான்ஸ் கிடையாது என்று பேப்பரில் படித்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் இன்டர்நெட்டில் யாரோ போட்ட ஒரு பக்கத்தைத் திறந்துவைத்து, இதை எப்படிச் செய்தாய் காட்டு என்றால் கம்ப்யூட்டர் அப்படியே உள்ளதை உள்ளபடி காட்டிவிடும். ஊரில் எந்தச் சமையல்காரரும் அப்படிக் காட்டமாட்டார். நாலு மாதம், தினமும் முக்கால் மணி நேரம், அடுத்தவர் அடுப்பை எட்டிப் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

காஜாவின் கடைச் சாமான்களை உலகத்துக்கு விற்பது என் திட்டம். நான் சரக்கு வாங்கி வைக்க வேண்டியதில்லை. யாராவது கேட்டால் காஜா கட்டி அனுப்புவார். படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒன்பது படம் வந்தது. ஒன்பதிலும் காஜா, வெள்ளைச் சட்டையில், கல்யாண போட்டோவுக்கு நிற்கிற மாதிரி சாமானுக்குப் பக்கத்தில் நிற்கிறார். போனில் சண்டை போட்டேன். "மாப்பிள்ளை, வெறும் ஜாடியைப் பாத்தா எவன் நம்புவான்? ஆளைப் பாத்துத்தானே வாங்குவான்" என்றார். கம்ப்யூட்டரில் அவரை வெட்டி எடுத்தேன். பெரிய ஜாடியில் மட்டும் அவர் கை ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. விட்டுவிட்டேன். பக்கத்தின் அடியில் உரிமையாளர் என்று என் படம். அதற்குக் கீழே, வந்துபோகிறவர்களை எண்ணிக் காட்டுகிற ஒரு சின்னப் பெட்டி. என் கடையின் இன்டர்நெட் விலாசத்தைக் காஜாவுக்குக் கடிதத்தில் எழுதி, போர்டில் எழுதி வைக்கச் சொன்னேன்.

முதல் வாரம் பெட்டியில் நாலு. மும்தாஜ் போனில், "கடைக்கு ஆள் வருதா மச்சான்?" என்று கேட்டாள். "நாலு பேரு. அந்த நாலும் நான்தான்" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அப்படியா கிடக்கு?" என்றாள். வேறு பேச்சுக்குப் போய்விட்டோம்.

அடுத்த வாரத்திலிருந்து எண் ஏறத் தொடங்கியது. பத்து, இருபத்தொன்று, நாற்பது. வெள்ளிக்கிழமைகளில் கூடுதலாக ஏறியது. அமெரிக்காவில் அது என்ன கிழமையோ, லீவோ என்று நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். ஆர்டர் ஒன்றும் வரவில்லை. விலை கேட்டுக்கூட ஒரு வரி வரவில்லை. அதற்கும் சமாதானம் வைத்திருந்தேன்: பெரிய சாமான் வாங்குகிறவன் பத்துத் தடவை பார்த்துத்தான் வாங்குவான். இதை உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் நம்மைப்போல் வெளியே கிடக்கிறவர்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வது கைவந்த கலை. அதைக்கொண்டுதான் இரண்டு இரண்டு வருஷமாகக் கழிக்கிறோம்.

ஒப்பந்தம் புதுப்பிக்கிற பாரம் வந்தபோது பெட்டியில் முந்நூற்றுப் பன்னிரண்டு. வேண்டாம் என்கிற கட்டத்தில் கையெழுத்துப் போட்டு லிம் மேடத்திடம் நீட்டினேன். "ஷுவர் ஆ?" என்றார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்திருக்கிறார்கள் மேடம் என்றேன். "கஸ்டமரா, சும்மா பார்க்கிற ஆளா?" என்று கேட்டார். "கடைக்குள்ளே வந்துவிட்டால் கஸ்டமர்தானே மேடம்?" என்றேன். அவர் சிரித்தார். அதை நான் வாழ்த்து என்று எடுத்துக்கொண்டேன்.

நாலு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, போன் கார்டு போட்டு ஊருக்குப் பேசினேன்.

"கையெழுத்துப் போட்டுட்டேன் மும்தாஜ். வந்துர்றேன். இனிமே போறதில்ல."

"நெசமாவா மச்சான்? என் தலையில அடிச்சுச் சொல்லுங்க."

"நெசந்தான். கடை ஓட ஆரம்பிச்சிருச்சு. முந்நூத்திப் பன்னெண்டு பேரு வந்துட்டாக, தெரியுமா?"

"இப்ப அதுக்கு மேல இருக்கும்."

"என்னது?"

"அதுக்கு மேல இருக்கும் மச்சான். நேத்துச் சாக்கோட்டைச் சின்னம்மாவை உக்கார வச்சேன். அவுக அழுத்துனப்ப முந்நூத்தி இருவத்தொம்பது."

கல்லூரிப் பக்கம் ஜெயராணி டீச்சர் என்று ஒருவர், வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டு முன்னறையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறாராம். காஜாவுக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு மும்தாஜ் அங்கே போயிருக்கிறாள். புதுக்கடைக்கு ஆள் கூட்டி வர்றேன் டீச்சர் என்றதும் அவர், "கடை திறப்புக்கு வர்றவுகள்ட்ட நான் என்ன காசு கேக்குறது, கூட்டிட்டு வாங்க" என்று விட்டுவிட்டார். அத்தை வீடு, மாமி வீடு, காஜாவின் கடைத் தெரு, நூருடைய பள்ளிக்கூடத்துத் தாய்மார்கள், டீச்சரோடு கோயிலுக்கு வருகிற இரண்டு பேர். வெள்ளிக்கிழமை ஆண்கள் ஜும்மாத் தொழுகைக்குப் போனதும் பெண்கள் கூட்டமாகப் போவார்களாம். படம் மேலிருந்து கோடு கோடாக இறங்குமட்டும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்களாம். "ஜாடி வந்தா 'ஏ, காஜா கை!'ங்கிறாக. அப்புறம் கடைசியா ஒங்க படம் வருதா, எல்லாரும், மாப்பிள்ளை மெலிஞ்சு போயிட்டாருங்கிறாக. ஒருத்தருக்கு ஒரு தடவைதான் மச்சான். டீச்சர் சொன்னாக, அதையே திரும்பத் திரும்ப அழுத்துனாலும் எண்ணு ஏறுமுன்னு. நான் வேணாண்டேன். பொய்யா ஏத்துனா பரக்கத் இருக்காதுல்ல, கடை வெளங்குமா? ஆளு வந்தாத்தான் ஒண்ணு."

நான் விட்டுவந்த ஊரில் கம்ப்யூட்டர் கிடையாது. ஊர் நான் விட்ட இடத்திலேயே எனக்காக நிற்கும் என்று நினைத்திருந்தேன். அது நடந்து வந்து என் கடைக்குள் நின்றுகொண்டிருந்திருக்கிறது, நான் அதை அமெரிக்கா என்று நினைத்திருக்கிறேன்.

"என்ன மச்சான், நாங்க செஞ்சது தப்பா?"

"தப்பில்ல. நல்லாத்தான் செஞ்சிருக்க" என்றேன். கார்டில் நேரம் மிச்சமிருந்தது. வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பாரத்தைத் திரும்பக் கேட்டு லிம் மேடத்திடம் ஓடினேன். பாரம் மேலே போய்விட்டது, என் இடத்துக்குத் தஞ்சாவூர்ப் பையன் ஒருவனுக்குப் பெர்மிட் எழுதியாகிவிட்டது. "உன் முந்நூறு கஸ்டமர் என்ன ஆனார்கள்?" என்றார். எல்லாரும் என் சொந்தக்காரர்கள் மேடம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வாஹ்! பெரிய குடும்பம்! குட், குட்" என்று முதுகில் தட்டினார். சோப்புக் கடையில் நின்ற மாதிரி நின்றேன்.

இன்னும் பத்தொன்பது நாள். எனக்கு நாற்பத்தோரு வயது, இந்த வயதில் இங்கே மறுபடி புது ஆளாக எடுக்கமாட்டார்கள். நாலைந்து மாதம் ஊரில் இருப்பேன். பிறகு ஏஜெண்டு வாசலில் நின்று, இதைவிட மோசமான ஏதாவது ஒரு நாட்டுக்கு, இதைவிட மோசமான ஏதாவது ஒரு வேலைக்கு. மும்தாஜிடம் இன்னும் சொல்லவில்லை. காஜா தன் கடையில் எனக்கு ஒரு மேஜை போட்டுவிட்டாராம். நூர் பள்ளிக்கூடத்தில், எங்கத்தா போன்லேருந்து வர்றாக என்று சொல்லிக்கொண்டு திரிகிறாளாம்.

நேற்று மும்தாஜ் சொன்னாள், நாளைக்குப் பத்தரை மணிக்கு நூரைக் கூட்டிப்போய் அழுத்த வைக்கிறேன் என்று. அங்கே பத்தரை என்றால் இங்கே ஒரு மணி. லிம் மேடம் சாப்பிடப் போய்விட்டார். நான் பக்கத்தைத் திறந்தேன். முந்நூற்று எண்பத்தாறு. அது நான். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒருமுறை திறந்தேன். எண்பத்தெட்டு. எண்பத்தெட்டு நான். நடுவில் எண்பத்தேழாவதாக ஒரு ஆள் வந்திருக்கிறது. இந்நேரம் அந்த முன்னறையில் படம் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருக்கும். ஜாடி, காஜாவின் கை, பூட்டு, சாவி, எல்லாம் தாண்டி, கடைசியில் என் முகம். அது முழுசாக வந்து சேருமட்டும் இந்தப் பக்கம் நானும் எழுந்திருக்காமல், யாரும் ஒன்றும் வாங்காத அந்தக் கடையில், பல்லைக் காட்டாமல் நின்றுகொண்டிருந்தேன்.