பதினோராவது புள்ளிக்கு என்ன பேர்?

படத்தில் ஒரு புள்ளி வைப்பது சுலபம். அது எந்த ஊர் என்று கேட்டு வெயிலில் நடக்கிறவன் பாடுதான் பாடு. முகவரி தேடி நாய்க்கடிக்குப் பயந்தவர்களே, உங்களுக்குப் புரியும். பத்தாம் வகுப்பில் தோற்றுச் சும்மா இருந்த என்னை, கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறையில் கூடாரம் போட்ட சர்வே கேம்ப்பில் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் படத்தில் வீடுகள் இருந்தன, பேர்கள் இல்லை. அட்சரேகை, தீர்க்கரேகை எழுதிய பதினோரு புள்ளிகளைக் கொடுத்தார்கள். சனிக்கிழமைக்குள் எல்லாப் பேரும் வந்தால் அடுத்த கேம்ப்புக்கு, மூணாறுக்கு, என்னையும் கூட்டிப்போவதாகப் பேச்சு. நான் மலையையே தூரத்தில்தான் பார்த்திருக்கிறேன். இப்போது மாமா கடையில் பருப்பு நிறுக்கும்போதும் அந்த நடைதான் நினைப்பு.

ஒரு கோடு தள்ளி

முதல் நாள் ஸ்கேலை ஒரு கோடு தள்ளி வைத்துவிட்டேன். படத்தில் அது விரல் அகலம்; காலுக்கு ஒரு மைலுக்கு மேல். வேர்த்து விறுவிறுத்து டீக்கடையில் ஊர்ப் பேர் கேட்டு எழுதினேன். கடைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்: "அட தம்பி, நீங்க நிக்கறது தமிழ்நாடுங்க. கேரளாவுக்கு எதுத்தாப்புல நின்னு பஸ் ஏறோணுமுங்க."

மிச்சபூமி

அது மிச்சபூமி, அதாவது உச்சவரம்புக்கு மேல் இருக்கிற நிலத்தை, சர்க்கார் பிடிக்கிற காலம். காகிதத்தோடு யார் வந்தாலும் நிலத்தை எடுக்க வந்த ஆள்தான். வடகரப்பதியில் ஒரு கவுண்டர், தன் களத்துமேட்டிலேயே நின்றுகொண்டு, "இது யாரு தோட்டமோ" என்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரரோ கவுண்டர் பேரோடு ஏக்கரையும் சேர்த்துச் சொன்னார். பேரை மட்டும் எழுதினேன். திரும்பும்போது கவுண்டர் மோர்ச் சொம்போடு வந்து குடிக்கக் கொடுத்தார்: "ஏனுங்க, உங்க காயிதத்துல எங்கூடு இல்லாமயே கெடக்கட்டுங்க. மோரு வேணா இன்னொரு சொம்பு குடியுங்க."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

சனிக்கிழமை. பாக்கி ஒன்றுதான்: கூலிக்காரர்களின் எட்டுக் குடிசை. அந்தத் தோட்டத்து முதலாளி தன் பேரையே ஊர்ப் பேராக எழுதச் சொன்னார். இதுவரை மூன்று முதலாளிகள் மாறி, மூன்று பேர் மாறிய இடம். குடிசைக்காரர்களைக் கேட்டேன். யாரும் அவர்களைக் கேட்டதில்லையாம். எந்தப் பேர் என்று உடனே தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். திங்கட்கிழமை கூடிப் பேசிச் சொல்கிறோம் என்றார்கள். எனக்குக் கண்ணில் மூணாறு. "ஏதாச்சும் ஒண்ணு சொல்லித் தொலைங்க" என்று கத்தினேன். மிளகாய் காயப்போட்டிருந்த மாராத்தாள் நிமிர்ந்தாள்: "புள்ளைக்குப் பேரு வெக்கவே பத்து நாளாகுது. ஊருக்கு ரெண்டு நாளு ஆகாதுங்களா?"

காலி இடம்

முதலாளி பேரை எழுதியிருந்தால் ஒருத்தரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். பென்சிலை வைத்துக்கூடப் பார்த்தேன். கை வரவில்லை; காலியாகவே விட்டுப் படத்தைக் கொடுத்தேன். ஞாயிறு காலை லாரி நானில்லாமல் கிளம்பியது. திங்களன்று 'வாய்க்கால்மேடு' என்று முடிவானதைக் கார்டில் எழுதி மூணாறுக்குப் போட்டேன். அந்த ஊர்மேல் கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் லாரி ஏறும் முன் கேம்ப் சர்வேயர் சார் மலையாளம் கலந்து சொன்னதும் இருக்கிறது: "சாரமில்லெடா, பரவாயில்ல. காலி எடத்த நெரப்பலாம், கள்ளப்பேர யாரு வந்து மாத்தும்?"

பத்தாம் வகுப்பில் பூகோளத்தில் தோற்ற நான் ஒரு ஊரைப் படத்தில் ஏற்றப் பார்த்தேன், அந்த ஊர் என்னை மூணாறுக்கு ஏற்றாமல் விட்டது.